ஏஜென்ட்டின் கையில் டீபக்கர்: வரி வரியாக நடக்க விடலாமா?

நிரல்வாணன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவின் பயன்பாட்டுக்காக, செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்று பைத்தான் நிரலை டீபக்கரில் (ஓடும் நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) ஓட்டிப் பார்ப்பதற்கான சிறு கருவி ஒன்றை எழுதி வருகிறேன். பின்னால் பைத்தானுக்கான டீபக்கரான டீபக்பை இயங்குகிறது. அதனோடு டிஏபி எனப்படும் டீபக் அடாப்டர் புரோட்டோகாலில் (டீபக்கரோடு பிற கருவிகள் பேசும் பொது முறை) பேசும் பகுதியை ஓர் எம்சிபி சர்வராக (மாடல்களுக்குக் கருவிகளை வழங்கும் பொது முறை) அமைத்து, ஏஜென்ட்டிடம் கொடுத்திருக்கிறேன். பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைப்பது, ஓட்டத்தைத் தொடர்வது, அடுத்த வரிக்குச் செல்வது, ஃபங்ஷனுக்குள் நுழைவது, வெளியேறுவது, அழைப்பு அடுக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) கேட்பது, மாறிகளைக் கேட்பது, ஒரு கோவையை (மதிப்பு தரும் சிறு நிரல் துண்டு) மதிப்பிடுவது என்று டிஏபியில் உள்ள கட்டளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கருவியாக்கியிருக்கிறேன்.

கருவி பிசகில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் ஏஜென்ட் அதைப் பயன்படுத்தும் விதம்தான் கவலை தருகிறது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மாத விற்பனைக் கோப்பைப் படித்து, ரத்தான பில்களை நீக்கி, மீதமுள்ளவற்றைச் சரிபார்த்து, பிறகு மொத்தத் தொகையைக் கூட்டும் நிரல் அது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் மொத்தம் மட்டும் பூஜ்ஜியம் என்று வரும். ஏஜென்ட் முதல் வரியிலேயே நின்றுகொண்டு, அடுத்த வரி, அடுத்த வரி என்று நகர்ந்தது. சரிபார்க்கும் லூப்புக்குள் புகுந்ததும் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகக் கடந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அழைப்பு அடுக்கு, ஸ்கோப் (மாறிகள் செல்லும் எல்லை), மாறிகள் என்று மூன்று அழைப்புகள் விடுத்ததால், கண்டெக்ஸ்ட் (மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் கொள்ளும் எழுத்து) நிரம்பி, எதைத் தேடத் தொடங்கியது என்பதே அதற்கு மங்கிவிட்டது.

மறுபடி ஓட்டியபோது அது சரிபார்க்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் நின்று, பில்களை ஒரு லிஸ்ட்டாக மாற்றிப் பார்த்தது. எல்லாப் பில்களும் சரியாகவே தெரிந்தன. ஆனால் அங்கிருந்து ஓட்டத்தைத் தொடர்ந்ததும், சரிபார்ப்புப் பகுதி ஒரு பில்கூட வரவில்லை என்று சொன்னது. உடனே கோப்பைப் படிக்கும் பகுதிதான் பழுது என்று முடிவு கட்டி, நன்றாக இருந்த அந்தப் பகுதியை ஏஜென்ட் மாற்றி எழுதிவிட்டது.

வரி வரியாக நகர்த்தும் இந்த ஸ்டெப் கருவிகளை முழுவதுமாக எடுத்துவிடலாமா, அல்லது அவற்றுக்கு வேறு வடிவம் கொடுக்க வேண்டுமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


செங்காந்தள்

முழுவதும் எடுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் முதலிடத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வரி வரியாக நடப்பது மனிதக் கண்ணை நம்பி உருவான முறை. எடிட்டரில் ஒளிரும் வரி நகர்கிறது, மதிப்பு மாறிய மாறி நிறம் மாறிக் காட்டுகிறது, நாம் விசையைத் தட்டிக்கொண்டே போகிறோம். தேவையற்ற தொண்ணூறு விழுக்காட்டைக் கண் செலவின்றித் தள்ளிவிட்டு, விசித்திரமான ஒன்றில் மட்டும் நிற்கிறது. ஏஜென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நகர்வும் மாடலுக்கு ஒரு முழு அழைப்பு. திரும்பி வரும் ஒவ்வொரு மாறிப் பட்டியலும் அதன் கண்டெக்ஸ்ட்டில் நிலையாகத் தங்கிவிடும் எழுத்து. அதனால் நாம் இலவசமாகச் செய்யும் ஒன்றை அது மிக அதிக விலை கொடுத்துச் செய்கிறது.

நான் பரிந்துரைக்கும் வடிவம் இது. நிறுத்தும் இடம், நிறுத்துவதற்கான நிபந்தனை, அங்கே மதிப்பிட வேண்டிய கோவைகள், அவற்றில் ஏஜென்ட் எதிர்பார்க்கும் மதிப்பு ஆகிய நான்கையும் ஒரே அழைப்பில் பெறுங்கள். நிரல் அந்த இடத்தை அடைந்ததும், நின்ற காரணம், சுற்றியுள்ள சில வரிகள், கேட்ட கோவைகளின் மதிப்பு, எதிர்பார்ப்போடு எது பொருந்தவில்லை என்பது, இவை மட்டும் திரும்பிச் செல்லட்டும். எதிர்பார்ப்பை எழுத வைப்பதுதான் இதில் முக்கியமானது. ‘இந்த இடத்தில் பில்களின் எண்ணிக்கை பூஜ்ஜியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே எழுதிய ஏஜென்ட், அது பொய்த்துப் போனால் வழு அந்த இடத்துக்கு முன்னால் இருக்கிறது என்பதையும், மெய்யானால் பின்னால் இருக்கிறது என்பதையும் ஒரே நிறுத்தத்தில் அறிந்துகொள்ளும். புதைந்த குழாயில் அடைப்பைத் தேடுபவர் தெரு முழுவதையும் தோண்டாமல், நடுவில் ஓரிடத்தில் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, மீதிப் பாதியை விட்டுவிடுவதைப் போன்ற வேலை அது.

மாறிகளைக் கேட்கும் டிஏபி கோரிக்கையிலேயே, தொடக்க இடத்தையும் எண்ணிக்கையையும் குறிப்பிட்டுப் பகுதி பகுதியாகப் பெறும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், பெரிய டிக்ஷனரி ஒன்றை முழுமையாக ஏஜென்ட்டிடம் கொட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.


வைகைக்கரை

நான் மாறுபடுகிறேன். ஏஜென்ட்டுக்கு டீபக்கரே தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. சந்தேகப்படும் இடங்களில் பிரிண்ட் வரிகளைச் சேர்த்து, டெஸ்ட்டை ஒருமுறை ஓட்டினால், முழு ஓட்டத்தின் தடமும் காலவரிசைப்படி ஒரே எழுத்தாகக் கிடைத்துவிடுகிறது. மாடல்கள் இந்த வகை எழுத்தைப் படிப்பதில் தேர்ந்தவை. மேலும், பிரிண்ட் வரி நிரலை எங்கும் தொங்கவிடுவதில்லை. டீபக்கர் உள்ளீட்டுக்காகக் காத்து நின்றுவிட்டால், ஏஜென்ட்டின் முழு ஓட்டமும் அங்கேயே உறைந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2025இல் வெளியிட்ட டீபக்-ஜிம் ஆய்வைப் பாருங்கள். ஏஜென்ட்டுகளுக்குப் பைத்தானோடு வரும் டீபக்கரான பிடிபியைக் கொடுத்து, 300 மென்பொருள் சிக்கல்கள் கொண்ட எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் லைட் என்ற சோதனைத் தொகுப்பில் சோதித்தார்கள். அங்கே முதலிடம் பெற்ற கிளாட் 3.7 சானட் மாடல்கூட 48.4 விழுக்காட்டைத்தான் எட்டியது. பாதிக்குமேல் தோல்வி என்றால், அந்தக் கருவிக்காக இவ்வளவு உழைப்பு எதற்கு?


நுண்பொறி

வைகைக்கரை அவர்களே, அந்த ஆய்வின் எண்ணை நீங்கள் சரியாகவே சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பக்கத்திலிருந்த எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே கிளாட் 3.7 சானட், டீபக் கருவி இல்லாதபோது 37.2 விழுக்காட்டில் நின்றது. ஓ3-மினி 8.5இலிருந்து 22.1க்கு உயர்ந்தது. ஓ1-பிரிவியூ 10.7இலிருந்து 30.2க்கு உயர்ந்தது. கருவி உதவவில்லை என்ற முடிவுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. உதவி போதுமான அளவுக்கு வரவில்லை என்பதைத்தான் ஆய்வாளர்களும் சொன்னார்கள். அதற்கு அவர்கள் கருதிய காரணம் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது: ஒரு நிரலர் எங்கே நிறுத்தினார், என்ன பார்த்தார், அதைப் பார்த்து அடுத்து எங்கே சென்றார் என்ற படிப்படியான முடிவெடுப்பின் பதிவுகள் பயிற்சித் தரவுகளில் மிகக் குறைவு. இணையத்தில் கோடிக்கணக்கான நிரல்கள் கிடைக்கின்றன. டீபக்கரின் முன் அமர்ந்திருந்த ஒருவருடைய தேடலோ எங்கும் பதிவாவதில்லை.

ஆகவே, செங்காந்தள் சொல்லும் கருவி வடிவம் வெறும் சிக்கனத்துக்கானதாக எனக்குத் தோன்றவில்லை. மாடலுக்குப் பயிற்சியில் கிடைக்காத ஒழுங்கை, கருவியின் வடிவத்திலேயே ஏற்றிக் கொடுப்பதாகவே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

பிரிண்ட் வரிகளைப் பற்றிய உங்கள் கருத்தில் பாதியை நான் ஏற்கிறேன். நிரலை நிறுத்தாமல், ஓரிடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு செய்தியை மட்டும் எழுதும் லாக்பாயிண்ட்டுகளை டிஏபியும் ஆதரிக்கிறது. அதனால் மூலக் கோப்பைத் தொடாமலேயே நீங்கள் விரும்பும் தடத்தைப் பெறலாம். ஏஜென்ட் தான் சேர்த்த பிரிண்ட் வரிகளை நீக்க மறந்து, அவை அப்படியே கமிட்டில் (சேமிக்கப்படும் நிரல் மாற்றத்தில்) போய்ச் சேரும் தொல்லையும் அதனால் நீங்கும்.


பொருநை

நிரல்வாணன் சொன்ன எடுத்துக்காட்டில், கருவி வடிவத்தைவிட ஆழமான ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ரத்தான பில்களை நீக்கும் பகுதி ஒரு ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்புகிறது என்று ஊகிக்கிறேன். ஜெனரேட்டர் மதிப்புகளைக் கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும்; அதை ஒருமுறைதான் கடக்க முடியும். சரிபார்க்கும் ஃபங்ஷன் அதை முழுவதும் கடந்துவிடுவதால், கூட்டும் ஃபங்ஷனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பைத்தான் இதைப் பிழையாகக் கருதுவதில்லை. எதுவும் இல்லாததன் கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்று அமைதியாகத் தந்துவிடுகிறது.

இனி ஏஜென்ட் செய்ததைக் கவனியுங்கள். சரிபார்ப்பின் வாயிலில் நின்று, பில்களை லிஸ்ட்டாக மாற்றும் கோவையை டீபக்கரில் மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு ஓடிக்கொண்டிருக்கும் அதே நிரலுக்குள்தான் நடக்கிறது. எனவே ஜெனரேட்டரை அங்கேயே தீர்த்துவிட்டது டீபக்கர்தான். அதன் பிறகு சரிபார்ப்புக்கு ஒரு பில்கூட வராமல் போனதற்கும் கோப்பைப் படிக்கும் பகுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழுவின் இடத்தை ஏஜென்ட் தன் பார்வையாலேயே ஒரு படி முன்னுக்கு நகர்த்திவிட்டு, நகர்ந்த இடத்தைப் பழுது என்று நம்பிவிட்டது. மனித நிரலரும் இதில் சறுக்கக்கூடும். ஆனால் தான் தட்டச்சு செய்த கோவை கண்முன் இருப்பதால் அவருக்குச் சந்தேகம் எழ வாய்ப்பு அதிகம். ஏஜென்ட்டோ கருவியின் விடையை உலகத்தின் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறது.

ஜெனரேட்டரைத் தீர்க்காமல் பார்க்க வழி இருக்கிறது. முதலில் அதன் வகையை மட்டும் கேட்க வேண்டும். அது ஜெனரேட்டர் என்று தெரிந்தால், பைத்தானின் இன்ஸ்பெக்ட் மாட்யூலில் உள்ள கெட்ஜெனரேட்டர்ஸ்டேட் ஃபங்ஷன், அது இன்னும் தொடங்கவில்லையா, இடையில் நிற்கிறதா, முடிந்துவிட்டதா என்பதை எதையும் நகர்த்தாமல் சொல்லிவிடும். கூட்டும் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரே ஒரு முறை நின்று இதைக் கேட்டால், உங்கள் வழு வெளிப்பட்டுவிடும் என்று நம்புகிறேன். ஒரு வரிகூட நடக்க வேண்டியதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஆபத்துகளும் உண்டு. பைத்தான் இணையச் சட்டகமான ஜாங்கோவின் குவரிசெட் (தரவுத்தள வினவலைக் குறிக்கும் பொருள்) ஒன்றை மாறிப் பட்டியலில் காட்டுவதற்காக அதன் எழுத்துவடிவத்தைக் கேட்டாலே, முதல் 21 பதிவுகளுக்கான ஒரு வினவல் தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. ஏஜென்ட் எதையும் மதிப்பிடச் சொல்லவில்லை. மாறிகளைக் காட்டு என்று மட்டுமே கேட்டது. கேட்டபோது மட்டுமே மதிப்பிட வேண்டிய மாறிகளைச் சோம்பல் மாறி என்று குறிக்கும் வசதி டிஏபியில் இருந்தாலும், அதை நிறைவாகப் பின்பற்றும் பொறுப்பு டீபக்பை போன்ற அடாப்டரிடம்தான் இருக்கிறது. கருவி எழுதுபவர், வகையையும் அளவையும் மட்டும் முதலில் காட்டி, உள்ளடக்கத்தை ஏஜென்ட் தனியே கேட்ட பிறகே தருவது பாதுகாப்பானது.

நேரமும் ஒரு பக்கவிளைவே. பைத்தான் இணையச் செயலிகளை ஓட்டும் கூனிகார்ன் சர்வரின் ஒத்தியங்கும் வொர்க்கருக்கு (கோரிக்கைகளைக் கையாளும் துணைச் செயல்முறை) இயல்பான கால வரம்பு 30 விநாடிகள். பிரேக்பாயிண்ட்டில் நின்றபடி மாடல் யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த வரம்பு கடந்தால், தலைமைச் செயல்முறை வொர்க்கரைக் கொன்றுவிடும். ஏஜென்ட் அதை நிரலின் செயலிழப்பு என்று படித்து, இல்லாத வழு ஒன்றைத் தேடத் தொடங்கும். டீபக்கருக்காக ஓட்டும்போது இந்த வரம்பை நீக்கிவிட வேண்டும்.


தமிழினி_மாணவி

இந்த இழையிலிருந்து நிறையக் கற்றுக்கொள்கிறேன், பொருநை ஐயா. ஒரு கேள்வி. நிறுத்துவதே நிரலின் போக்கை மாற்றுமென்றால், பல த்ரெட்கள் (இணை ஓட்டங்கள்) ஓடும் நிரலில் ஏஜென்ட் எதைத்தான் நம்ப முடியும்? நான் கல்லூரித் திட்டப்பணிக்காக சி++ இல் எழுதிய நிரலில், டீபக்கரில் ஓட்டினால் வழு வருவதே இல்லை.


இரும்புத்தேர்

தங்கையின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் என் பணி முழுவதும் சி++ இல்தான்.

நிறுத்தினால் மறையும் வழுவுக்கு, ஓட்டத்தை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு அந்தப் பதிவில் தேடுவதே சிறந்த வழி. லினக்ஸில் அதற்கு மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்ற கருவி இருக்கிறது. அது நிரலின் ஓட்டத்தைப் பதிவு செய்து, எத்தனை முறை மீண்டும் ஓட்டினாலும் அதே முகவரிகளில் அதே மதிப்புகளோடு, அதே வரிசையில் ஓடச் செய்கிறது. பதிவு செய்யும்போது எல்லா த்ரெட்களையும் செயலியின் ஒரே கோரில் மாற்றி மாற்றி ஓட்டுவதால், த்ரெட்கள் முந்திக்கொள்வதால் வரும் சில போட்டி நிலை வழுக்கள் அதில் எளிதில் வெளிப்படுவதில்லை. த்ரெட்களின் வரிசையை வேண்டுமென்றே குலைத்து ஓட்டும் கேயாஸ் முறையை அதற்காகவே சேர்த்திருக்கிறார்கள். ஒருமுறை வழு பதிவில் பிடிபட்டுவிட்டால், அது எங்கும் ஓடிவிடாது.

ஏஜென்ட்டுக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணிப் பாருங்கள். பொருநை குறிப்பிட்ட கால வரம்புத் தொல்லை மறுஓட்டத்தில் இல்லை. மாடல் எவ்வளவு நேரம் யோசித்தாலும் பதிவு மாறப்போவதில்லை. கோவை மதிப்பீட்டின் பக்கவிளைவும் பதிவைத் தொடுவதில்லை. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பின்னோக்கி ஓட்டும் வசதி. தவறான மதிப்பு தெரியும் இடத்தில் நின்று, அந்த நினைவக இடத்தில் ஒரு வாட்ச்பாயிண்ட் (மதிப்பு மாறும்போது நிறுத்தும் குறி) வைத்து, சி++ டீபக்கரான ஜிடிபியின் ரிவர்ஸ்-கண்டினியூ கட்டளையைக் கொடுத்தால், அந்த மதிப்பைக் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும். ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்பதுதான் வழுநீக்கத்தின் மையக் கேள்வி. முன்னோக்கி நடப்பவருக்கு அது ஊகம், பின்னோக்கிச் செல்பவருக்கு நேரடி விடை. வாட்ச்பாயிண்ட்டுகளுக்கு எக்ஸ்86 செயலியில் வன்பொருள் இடங்கள் நான்கே உண்டு என்பதையும், ஏஜென்ட் தாராளமாக வைத்துக்கொண்டே போகக் கூடாது என்பதையும் கருவி விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. வேகத்துக்காகத் தொகுப்பி உகப்பாக்கம் செய்த பைனரியில் வரி வரியாக நடந்தால் வரிகள் முன்னும் பின்னும் தாவும். பல மாறிகள் நீக்கப்பட்டுவிட்டன என்றே காட்டும். ஏஜென்ட் இந்தத் தாவலை நிரலின் உண்மையான ஓட்டம் என்று வாசித்து விளக்கம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். டீபக்குக்கான கட்டமைப்பை ஜிசிசி தொகுப்பியின் ‘ஓஜி’ நிலையில் (டீபக்குக்கு ஏற்ற உகப்பாக்க நிலை) தொகுத்துக் கொடுப்பது நல்லது. ஜிடிபி 14ஆம் பதிப்பிலிருந்து டிஏபியை உள்ளுக்குள்ளேயே பேசுகிறது என்பதால், நிரல்வாணனின் கருவியை இந்தப் பக்கமும் நீட்டிக்கலாம்.


வைகைக்கரை

பதிவு செய்து பின்னோக்கிச் செல்வது பிரிண்ட் வரிகளால் ஆகாத காரியம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பைத்தான் போன்ற சூழலில், சிறு டெஸ்ட் ஒன்றால் மீண்டும் வரவழைக்கக்கூடிய வழுவுக்கு, லாக்பாயிண்ட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.


காவலன்_நிரல்

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோவையை மதிப்பிடும் கருவி, எந்த நிரலையும் ஓட்டும் கருவியே. ஏஜென்ட்டின் ஷெல் கட்டளைகளை ஒரு சாண்ட்பாக்ஸில் (கட்டுப்படுத்தப்பட்ட தனிச் சூழல்) அடைத்துவிட்டு, டீபக்கரை அதற்கு வெளியே ஓடும் செயல்முறையோடு இணைத்தால், அடைத்ததற்குப் பொருளே இல்லை. மதிப்பீட்டுக் கோவை ஒன்றின் வழியாகவே கோப்புகளை அழிக்கலாம், வலையமைப்பில் பேசலாம். டீபக்பை திறக்கும் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் அந்தச் செயல்முறைக்குள் தாம் விரும்பிய நிரலை ஓட்ட முடியும். ஆகவே அதை லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதே இயந்திரத்துக்கு, வெளியே எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

பைத்தான் 3.14இல், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் எண்ணை மட்டும் கொடுத்து பிடிபியை இணைக்கும் வசதி வந்திருக்கிறது. பயனுள்ள வசதிதான். ஆனால் உற்பத்திச் சூழலில் அதை அணைத்து வைக்க ஒரு சூழல் மாறியும் தரப்பட்டிருக்கிறது; ஏஜென்ட் நடமாடும் இயந்திரங்களில் அதை அமைத்துவிடுங்கள்.

மாறிப் பட்டியலில் கடவுச்சொற்கள், டோக்கன்கள், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்கள் எல்லாம் இருக்கும். அவை ஏஜென்ட்டின் கண்டெக்ஸ்ட்டுக்குள் போனால், வெளியிலுள்ள மாடல் சேவைக்கும் பதிவுக் கோப்புகளுக்கும் போய்ச் சேரும். பெயரை வைத்து மறைக்கும் வடிகட்டி ஓரளவுக்கே உதவும். உண்மையான தரவில்லாத சோதனைச் சூழலில் ஓட்டுவதே சரியான காப்பு.


நிரல்வாணன்

அனைவருக்கும் நன்றி. பொருநை அவர்களின் ஊகம் அப்படியே மெய்யாயிற்று. கூட்டும் ஃபங்ஷனின் முதல் வரியில் நின்று ஜெனரேட்டரின் நிலையைக் கேட்டதும், அது முன்னரே முடிந்துவிட்டது என்று விடை வந்தது. ஏஜென்ட் அதைப் பார்த்தவுடன், நீக்கும் பகுதி லிஸ்ட்டைத் திருப்பி அனுப்புமாறு மாற்றியது. தான் முன்பு மாற்றி எழுதிய கோப்புப் படிக்கும் பகுதியையும் பழைய நிலைக்குக் கொண்டு வந்தது.

கருவியைச் செங்காந்தள் சொன்ன வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதன்மைக் கருவி ஒன்றுதான்: இடம், நிபந்தனை, கோவைகள், எதிர்பார்ப்பு. வைகைக்கரை அவர்களின் கருத்துப்படி லாக்பாயிண்ட் இரண்டாவது கருவி. ஸ்டெப் கருவியை நீக்கவில்லை. நின்ற பிறகு சில வரிகள் நகர்வதற்கு மட்டும் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் கால வரம்பு வைத்திருக்கிறேன். அது கடந்தால், நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற விடையோடு கருவி ஏஜென்ட்டிடம் திரும்பிவிடும், உறைந்து நிற்காது.

மிச்சமிருக்கும் ஒரு சிக்கல் இது. ஓட்டத்தைத் தொடர்ந்த பிறகும், முந்தைய நிறுத்தத்தில் ஒரு மாறியின் உள்ளடக்கத்தைக் கேட்க டிஏபி தந்த குறிப்பெண்ணை ஏஜென்ட் மீண்டும் பயன்படுத்துகிறது. இதை எப்படித் தடுப்பது?


செங்காந்தள்

அந்தக் குறிப்பெண்கள் நிரல் நின்றிருக்கும் வரைதான் செல்லும் என்பது டிஏபியின் விதி. ஆகவே அவற்றை ஏஜென்ட்டிடம் காட்டவே வேண்டாம். மாறியின் பெயரையும் அதன் உள்ளே செல்லும் பாதையையும் ஏஜென்ட் எழுத்தாகத் தரட்டும். அந்த நிறுத்தத்துக்குரிய எண்ணை உங்கள் சர்வர் தேடிக்கொள்ளட்டும்.

எண்ணை மறைத்தாலும் பழைய மதிப்புகள் கண்டெக்ஸ்ட்டில் எழுத்தாக அப்படியே இருக்கும் என்பதுதான் இதைவிடக் கடினம். மூன்று நிறுத்தங்களுக்கு முன் பார்த்த மதிப்பை இப்போதைய மதிப்பாக எடுத்துக்கொண்டு ஏஜென்ட் வாதிடுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வரிசை எண் கொடுத்து, விடையின் முதல் வரியிலேயே இது எந்த நிறுத்தம் என்று எழுதுங்கள். முந்தைய நிறுத்தத்தில் கேட்ட கோவைகளைத் தானாகவே மறுபடி மதிப்பிட்டு, மாறியவற்றைப் பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்று அருகருகே காட்டுங்கள். பொருநை எச்சரித்த பக்கவிளைவு இங்கும் வரும் என்பதால், எளிய பெயர்களையும் பண்புகளையும் மட்டும் தானாக மதிப்பிட்டு, ஃபங்ஷன் அழைப்பு உள்ள கோவைகளை ஏஜென்ட்டே மீண்டும் கேட்கட்டும்.


பொருநை

பண்புகளிலும் ஒரு திருத்தம். பைத்தானில் பிராப்பர்ட்டி என்று அறிவிக்கப்பட்ட பண்பு, வெளியே பண்பாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு ஃபங்ஷனே. இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்அட்டர்-ஸ்டாட்டிக் வழியாக முதலில் பார்த்து, பிராப்பர்ட்டி என்றால் தானாக மதிப்பிடாமல் விட்டுவிடுங்கள்.


நிரல்வாணன்

சேர்த்துவிட்டேன். மூலநிரலை அடுத்த வாரம் இந்த இழையிலேயே பகிர்கிறேன். இரும்புத்தேர் அவர்கள் ஜிடிபிக்கான பகுதியைப் பார்த்துத் தர இயலுமானால், அதையும் சேர்த்தே வெளியிடலாம்.